கோடு பன்னிரண்டு அடியில் இருந்தது

அந்தக் காகிதத்தில் நான்கே வரிகள்தான் இருந்தன. "செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்த விபத்துக்கு என் கவனக்குறைவே காரணம். மஞ்சள் கோட்டில் பிரேக் பிடிக்காமல் தாமதமாகப் பிடித்தேன். இனி ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட மாட்டேன். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்." நான் எழுதுகிறேனாம். அச்சடித்து, அடியில் எனக்கென்று ஒரு புள்ளிக்கோடும் போட்டு, பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வற்புறுத்தல் இல்லாத இடத்தில் பேனாவுக்கு என்ன அவ்வளவு அவசரம் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிச்சுக்கோங்க," என்றார் மேலாளர். "கையெழுத்துப் போட்டா இங்கயே பெருக்குற வேலை தர்றோம். போடலன்னா..." மீதியைச் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தியை எப்போதும் பாதிதான் சொல்வார்.

மீதிப் பாதியைச் சொல்வதற்கென்றே பாதுகாப்பு அதிகாரி பக்கத்தில் நின்றிருந்தார். "போடலன்னா வேலை கிடையாது. உங்க ஓட்டுநர் அட்டையையும் ரத்து பண்ணச் சொல்லி எழுதிடுவோம். வேற எந்தக் கிடங்குலயும் வண்டி ஏற முடியாது."

அந்த அட்டை என் கழுத்தில் ஒன்பது வருடமாகத் தொங்கியது. அதை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தக் கிடங்கில் வண்டி ஏறிய முதல் பெண் நான். ஏறிய முதல் நாளே "ஆமை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவள் சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் டப்பாவுக்குள்ளேயே பெயின்ட் காய்ந்துவிடும் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை வரை, ஒன்பது வருடத்தில் ஒரு வாளிகூட என் வண்டியிலிருந்து விழுந்ததில்லை. அப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் கவனமில்லாமல் வந்தாய், தாமதமாக மிதித்தாய் என்று நான்கு வரி எழுதியிருந்தார்கள்.

எங்கள் கிடங்கில் பெயின்ட் வாளிகளை அடுக்கிவைத்திருப்போம்; அவற்றை அடுக்கோடு தூக்கிப்போகிற சின்ன வண்டிதான் ஃபோர்க்லிஃப்ட். நடந்து போகிறவர்கள் வண்டிப் பாதையைக் கடப்பதற்குப் பதினோரு இடங்களில் தரையில் வெள்ளைப் பட்டை உண்டு. ஒவ்வொரு பட்டைக்கும் முன்னால் ஒரு மஞ்சள் கோடு; முதலில் அது ஆறு அடி தள்ளி இருந்தது. முன்சக்கரம் மஞ்சளைத் தொட்டதும் பிரேக்கை மெதுவாக மிதிக்க வேண்டும். மிதித்தால் வண்டி வெள்ளைப் பட்டையின் விளிம்பில் வந்து நிற்கும். மெதுவாக மிதிப்பது மிக முக்கியம். ஓங்கி மிதித்தால் வண்டி நிற்கும்; அது நின்றுவிட்ட செய்தி மேலே இருக்கிற வாளிகளுக்குத் தெரியாது. அவை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்போதெல்லாம் வண்டிகளின் வேகத்தை மணிக்கு ஆறு கிலோமீட்டரில் பூட்டி வைத்திருந்தார்கள். நான்கு மாதத்துக்கு முன்பு, அனுப்புகிற சரக்கு கூடிவிட்டது என்று, மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தப் பூட்டைப் பன்னிரண்டுக்கு ஏற்றினார்கள். பாதுகாப்பு அதிகாரி எங்கள் ஏழு ஓட்டுநர்களையும் உட்காரவைத்துத் திரையில் படம் போட்டு வகுப்பு எடுத்தார்.

"வேகம் ரெண்டு மடங்கு ஆகுது. அதனால கோட்டையும் ரெண்டு மடங்கு தள்ளிப் போட்டுட்டோம். ஆறு அடியில இருந்தது இனிமே பன்னிரண்டு அடியில. அவ்வளவுதான், சிம்பிள். கோட்டுக்கு முன்னாடியே யாரும் பயந்து மிதிக்கக் கூடாது, வேலை தாமதமாகும். கோட்டுல மிதிங்க, மெதுவா மிதிங்க, சரக்கு அசையக் கூடாது."

ஏழு பேரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் தலையை நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். நான் பன்னிரண்டில் வந்தேன். ஏழாவது பட்டையில் லேபிள் அக்கா கடந்துகொண்டிருந்தார். வாளிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவர். என்னைவிட மூன்று வயது பெரியவர். ஹாரன் அடித்தேன். சக்கரம் மஞ்சளைத் தொட்டதும் மிதித்தேன். வண்டி நிற்கிற மாதிரியே தெரியவில்லை. பட்டை நெருங்கியது, அக்கா நெருங்கினார், கடைசியில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி பட்டைக்குள் பாதி நுழைந்து நின்றது. மேலடுக்கிலிருந்த மூன்று வாளிகள் நிற்கவில்லை. அதில் ஒன்று அக்காவின் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. தரை முழுக்க வெள்ளை பெயின்ட். அதில் அக்காவின் கை வழுக்கி வழுக்கி எழுந்திருக்கப் பார்த்ததை என்னால் மறக்க முடியாது.

மறுநாள் சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஹாரன் கேட்டுத் திரும்பிப் பாத்தேன்டி," என்றார். "வேற எவனாவதா இருந்தா ஓடியிருப்பேன். நீன்னு தெரிஞ்சதும், 'ஆமைதானே, நிறுத்திடுவா'ன்னு கையில இருந்த லேபிளைப் பாத்துக்கிட்டே நடந்தேன்."

அவர் போர்வையின் நுனியைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குள் ஒரு திருட்டுப் பயம் இருந்தது. அதை இப்போது சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்த அன்று வந்த பயமல்ல அது. நான்கு மாதமாகவே என் கால்மேல் எனக்குச் சந்தேகம். முன்பு போல வண்டி நிற்கவில்லை. ஒவ்வொரு பட்டையிலும் கடைசி நேரத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்துத்தான் சமாளித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. கால் பலம் குறைகிறது போலிருக்கிறது என்று யாருக்கும் சொல்லாமல் இரண்டு முறை ஷூ மாற்றினேன். கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்களே என்ற பயம்.

ஆக, அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது உண்மையாகவும் இருக்கலாம். என்னைத் தூங்கவிடாதது அதுதான். அட்டை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அக்காவின் காலை நான்தான் உடைத்தேனா, இல்லையா? அது தெரியாமல் புள்ளிக்கோட்டில் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளி வரை சும்மா இருக்க வேண்டாம் என்று வியாழக்கிழமை காலையில் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டால் கிடைக்கப்போகும் வேலைக்கு முன்கூட்டியே பழக்கப்படுத்துகிறார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு பெருக்கினேன். ஓட்டுநர்கள் என்னைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வெறுப்பு ஒன்றுமில்லை, என்னைப் பார்க்கச் சங்கடம் அவர்களுக்கு.

ஒன்பது வருடம் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டியவளுக்குத் தரை தெரியாது. சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பெருக்குகிறவளுக்குத்தான் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் நின்று கிளம்பும் இடத்தில் ரப்பர் தேய்ந்து தரையில் கறுப்பாக ஒரு தழும்பு விழும். மூன்றாவது பட்டையைப் பெருக்கும்போது அந்தத் தழும்புகள் கண்ணில் பட்டன. பழையவை, தேய்ந்து மங்கியவை, எல்லாம் வெள்ளைப் பட்டையின் விளிம்புக்கு முன்னால் சமர்த்தாக வரிசையாக இருந்தன. புதியவை பட்டைக்குள்ளே இருந்தன. ஒன்று இரண்டு அடி உள்ளே, ஒன்று மூன்று, ஒன்று பட்டையைத் தாண்டியே போயிருந்தது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு நான்காவது பட்டைக்கு ஓடினேன். அங்கேயும் அப்படியே. ஐந்தாவதில், எட்டாவதில், பதினோராவதில். ஒன்பதாவது பட்டைப் பக்கம் எனக்கு வேலையே கிடையாது. நான்கு மாதத்தில் ஒருமுறைகூட அங்கே வண்டியோடு போனதில்லை. அங்கேயும் தழும்புகள் பட்டைக்குள்ளே இருந்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவற்றை விரலால் தடவிப் பார்த்தேன். தரையைத் தடவிக்கொண்டு சிரித்தவளை யாராவது பார்த்திருந்தால் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஒன்பதாவது பட்டை வழியாக ஓட்டுகிறவன் நெட்டை. ஆறடிக்கு மேல் உயரம். வண்டிக் கூரையில் தலை இடிக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அவனைக் கழிப்பறை வாசலிலேயே மடக்கினேன்.

"உண்மையைச் சொல்லு. ஒன்பதாவதுல உன் வண்டி எங்க நிக்குது?"

"பட்டைக்கு முன்னாடிதான் நிக்குது."

"தரை வேற சொல்லுதே."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா," என்றான். "நாலு மாசமா எனக்கு என்னமோ ஆயிடுச்சு. மிதிக்கிறது பத்தல. கண்ணுல கோளாறா இருக்குமோ, கோட்டை லேட்டா பாக்குறேனோன்னு போய்க் கண்ணாடிகூட போட்டுப் பாத்தேன். வேலைக்கு வரும்போது கழட்டிடுவேன்."

அவனுக்குக் கண், எனக்குக் கால். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏழு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒருத்தன் வண்டியை ஒருத்தன் கேலி செய்கிறோம். ஆனால் என் வண்டி நிற்கவில்லை என்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. நல்ல ஓட்டுநர் என்ற பெயர் போய்விடும் என்று பயந்து, ஆளாளுக்குத் தன் உடம்பைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு நான்கு மாதம் ஓட்டியிருக்கிறோம். அதற்கு விலை லேபிள் அக்காவின் கால்.

"வண்டியை எடு. பின்பக்கம் வா," என்றேன்.

கிடங்கின் பின்னால் சரக்கு இறக்கும் இடம் காலியாக இருந்தது. தரை அதே தரை. சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தேன். வழக்கமான சுமையை ஏற்றிக்கொண்டு, வேகம் காட்டும் முள் மூன்றில் நிற்கும்போது கோட்டில் மெதுவாக மிதிக்கச் சொன்னேன். என்ன ஆனாலும் கடைசியில் ஓங்கி மிதிக்கக் கூடாது, ஆரம்பித்த அதே அழுத்தத்தில் கால் இருக்க வேண்டும். நின்ற இடத்தை அளவு நாடாவால் அளந்தேன். பிறகு ஆறில், ஒன்பதில், பன்னிரண்டில். ஒவ்வொன்றையும் மூன்று முறை. பன்னிரண்டில் முதல் முறை வந்தபோது வண்டி போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து நெட்டையே இருக்கையில் எழுந்து நின்றுவிட்டான். கூரையில் தலை இடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில், சமையலறை மேடையில் அந்தக் கணக்குச் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றுக்கு ஒன்றரை அடி. ஆறுக்கு ஆறு அடி, அரை விரல் கூட. ஒன்பதுக்குப் பதின்மூன்றரை. பன்னிரண்டுக்கு இருபத்து நான்குக்கு இரண்டு விரல் குறைவு. கோடு பன்னிரண்டு அடியில் இருந்தது. வண்டி கேட்டது இருபத்து நான்கு.

என் வீட்டுக்காரர் டைல்ஸ் பதிப்பவர். முழங்காலில் கட்டிய பஞ்சுப்பட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து என் தோள்வழியே எட்டிப் பார்த்தார்.

"என்னது, எந்த வீட்டுக்குக் கல்லு கணக்குப் போடுற? என் வேலைக்கே வேட்டு வெக்கப் போறியா?"

"கல்லும் இல்ல மண்ணும் இல்ல. வண்டி நிக்கிற தூரம்."

"அட போ. இது டைல்ஸ் கணக்குதான்." வெளியே போய் உடைசல் டைல்ஸ் கட்டு ஒன்றைத் தூக்கிவந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு கல்லை வைத்தார். "இது உன் மூணு. கல்லுக்கு ஒன்றரை அடின்னு வெச்சுக்க." பக்கத்தில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கற்களை வைத்தார். "இது ஆறு. நாலு கல்லு. நாலு ஒன்றரை?"

"ஆறு."

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கல். "ஒன்பது ஒன்றரை?"

"பதின்மூன்றரை." பதினாறு கல்லை அவர் அடுக்கும்வரை காத்திருக்கவில்லை. "இருபத்து நாலு!" என்று கத்திவிட்டேன்.

"தினம் பாக்குறதுதானே," என்றார் அவர். "ரூம் ஒவ்வொரு பக்கமும் ரெண்டு மடங்கா இருக்கு, கல்லும் ரெண்டு மடங்கு போதும்னு வாங்கிட்டு வந்துடுவாங்க. பாதி ரூம்ல கல்லு தீந்துடும். அப்புறம் நான்தான் திருடிட்டேன்ங்கிற மாதிரி என் மூஞ்சியப் பாப்பாங்க."

"அது சரி. ரூமுக்கு நீளம் இருக்கு, அகலம் இருக்கு. இங்க ஒரு பக்கம் வேகம். இன்னொரு பக்கம் எது?"

அவர் கற்களைத் திரும்பக் கட்டாகக் கட்டினார். பாத்திரம் கழுவும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பன்னிரண்டில் வருகிற வண்டி ஒவ்வொரு நொடியிலும் இரண்டு மடங்கு தரையை விழுங்குகிறது, அது ஒரு பக்கம். பிரேக் அதே பிரேக், அதே மெதுவான மிதி. ஒரு நொடிக்கு இவ்வளவு வேகம்தான் அதனால் குறைக்க முடியும். குறைக்க வேண்டிய வேகம் இரண்டு மடங்கு, அதனால் நிற்க ஆகும் நேரமும் இரண்டு மடங்கு. அது இன்னொரு பக்கம். இரண்டு மடங்கு நேரத்துக்கு இரண்டு மடங்கு வேகம். அதிகாரி ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிவிட்டு மறுபக்கத்தை மறந்துபோனார். சோப்பு நுரையோடு ஓடிவந்து இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் ஒரு கல்லின்மேல் மூலைக்கு மூலை விரலால் கோடு கிழித்தார். "ஆனா வேகம் கடைசிவரைக்கும் அப்படியே இருக்காதே. குறைஞ்சு குறைஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிடும். அப்போ கட்டத்தை மூலைக்கு மூலை வெட்டணும். பாதிதான் கணக்கு. எல்லாத்துலயும் பாதிங்கிறதால நாலு மடங்கு மாறாது."

அரை. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தது அப்போது நினைவுக்கு வந்தது. இயக்க ஆற்றல் என்பது அரை எம் வி ஸ்கொயர். ஓடுகிற பொருள் தனக்குள் வைத்திருக்கும் சக்தி. வேகத்தைக் குறிக்கும் அந்த வி-யின் தலைமேல் சின்னதாக உட்கார்ந்திருந்த இரண்டை ஏதோ அலங்காரம் என்று நினைத்து, பரீட்சையில் போடாமல் விட்டு, மதிப்பெண் இழந்தவள் நான். பிரேக் என்பது வண்டியிடமிருந்து அந்தச் சக்தியை அடிக்கு இவ்வளவு என்று பிடுங்குகிற ஆள். வேகத்தை இரட்டிப்பாக்கினால் வண்டி நான்கு மடங்கு சக்தியோடு வருகிறது. பிரேக்குக்கு நான்கு மடங்கு தூரம் கொடுக்காமல், கொடுத்த தூரத்துக்குள் ஏன் பிடுங்கவில்லை என்று ஓட்டுகிறவளின் காலைக் கேட்டால் அவள் என்ன செய்வாள்?

என் காலில் கோளாறு இல்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அலுவலக அறைக்குப் போனேன். அதே காகிதம், அதே மூடி திறந்த பேனா.

"யோசிச்சாச்சா?" என்றார் மேலாளர்.

"யோசிச்சாச்சு சார்." பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டேன். மேலாளருக்கு முகம் மலர்ந்தது. "ரெண்டு பேரும் ஒரு தடவை ஏழாவது பட்டைக்கு வாங்க. அங்க வெச்சுப் போடுறேன்."

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் அதிகாரி.

"நான் கோட்டுல மிதிக்கலன்னு எழுதியிருக்கீங்க. கோட்டுல மிதிச்சா என்ன ஆகும்னு பாத்துட்டுப் போடுறேனே. பத்து நிமிஷம்."

மேலாளர் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்ததால் அதிகாரியும் வந்தார். கீழே ஏழாவது பட்டையில் நெட்டை வண்டியோடு தயாராக இருந்தான். மற்ற ஐந்து ஓட்டுநர்களும் வேலையை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். காலையிலேயே ஒவ்வொருவரிடமும் தழும்பைக் காட்டிப் பேசியிருந்தேன். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேர் நான் என்னவோ உளறுகிறேன் என்று போய்விட்டார்கள். ஆனால் அவர்களும் இப்போது வந்து நின்றார்கள். வெள்ளைப் பட்டையின் நடுவில், அன்று அக்கா இருந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு காலி டிரம்மை நிறுத்தினேன்.

"உங்க விதியை நீங்களே ஒரு தடவை சொல்லுங்க சார்," என்றேன்.

"கோட்டில் மிதி, மெதுவாக மிதி, சரக்கு அசையக் கூடாது," என்று அதிகாரி சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார்.

நெட்டை பன்னிரண்டில் வந்தான். சக்கரம் மஞ்சளைத் தொட்டதும் பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வண்டி வேகம் குறைந்தபடியே வந்தது, பட்டைக்குள் நுழைந்தது, டிரம்மைத் தள்ளியது, அது உருண்டோட, வண்டியும் பட்டையைத் தாண்டிப் போய் அப்பால் நின்றது. ஒரு வாளிகூட அசையவில்லை. டிரம் உருண்ட சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது.

"பிரேக் தேஞ்சிருக்கு," என்றார் அதிகாரி உடனே.

"வேற வண்டி எடுப்பா," என்றேன். அடுத்தவன் தன் வண்டியை எடுத்தான். டிரம் மறுபடியும் உருண்டது. மூன்றாவது வண்டியிலும் உருண்டது. நான்காவதாக வந்தவன் காலையில் என்னை உளறுகிறாய் என்றவன். இறங்கிவந்து, தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு மட்டும்தான் இப்படி ஆகுதுன்னு நினைச்சேன் சார்," என்றான். அதைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் வாய் திறந்துவிட்டது. ஒருவன் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தானாம். ஒருவன் வேறு வேலைக்கு மனுவே எழுதி வைத்திருந்தானாம்.

நான் சாக்பீஸை எடுத்து இருபத்து நான்கு அடியில் ஒரு கோடு கிழித்தேன். நெட்டை மறுபடி பன்னிரண்டில் வந்து அந்தக் கோட்டில் மிதித்தான். வண்டி பட்டையின் விளிம்பில், டிரம்முக்கு முன்னால், பூப்போல நின்றது.

"வேகம் ரெண்டு மடங்குன்னா தூரம் நாலு மடங்கு சார்," என்றேன். "ரெண்டு இல்ல. ஒன்பதாம் வகுப்புப் பாடம்."

அதிகாரியின் காது சிவந்துவிட்டது. எனக்குப் பாடம் எடுத்தவருக்கு நான் பாடம் எடுத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். "இதெல்லாம் நாடகம்," என்றார். "இவங்க ஏழு பேரும் பேசி வெச்சுக்கிட்டு வேணும்னே லூசா மிதிக்கிறாங்க. என் கோடு சரியா இருக்கு. நான் கணக்குப் போட்டுத்தான் போட்டேன்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, "இந்தா பாரும்மா, வேகத்தை வேணா மறுபடி ஆறுக்கே இறக்கிடலாம்," என்றார். "உன்னையும் வண்டியிலயே வெச்சுக்கலாம். இனி ஓட்ட மாட்டேன்ங்கிற அந்த மூணாவது வரியை அடிச்சிட்டுக் கையெழுத்தைப் போட்டுடு. விபத்துன்னு ஒண்ணு நடந்தா காரணம்னு ஒண்ணு எழுதித்தானே ஆகணும்?"

அட்டை போகாது. வேலை இருக்கும். கோடும் சரியாகிவிடும். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காகிதம் கோப்பில் இருக்கும் வரை லேபிள் அக்காவின் காலை உடைத்தது நான்தான். அக்கா நம்பிய ஆள் ஏமாற்றிவிட்டாள் என்று அச்சிலேயே இருக்கும். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது.

"மாட்டேன் சார். ஒரு வரியும் இல்ல, நாலு வரியும் இல்ல."

பிறகு அதிகாரியிடம் திரும்பினேன். "உங்க கோடு சரின்னு சொல்றீங்க?"

"சரிதான்."

"ஆறு அடியை ரெண்டால பெருக்கிப் போட்டது, தப்பே இல்ல?"

"இல்லைங்கிறேன்ல."

"அப்போ ஒரே ஒரு தடவை." உருண்டு கிடந்த டிரம்மைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். "இதுக்குப் பதிலா நீங்க நில்லுங்க. நெட்டை பன்னிரண்டுல வரட்டும். உங்க மஞ்சள் கோட்டுலயே மிதிக்கட்டும், லூசா இல்ல, நல்லா, வாளி பறக்காத அளவுக்கு. உங்க கணக்கு சரியா இருந்தா வண்டி உங்களுக்கு முன்னால நின்னுடும். நின்னுடுச்சுன்னா இந்த இடத்துலயே, எல்லார் முன்னாலயும், நான் கையெழுத்துப் போடுறேன்."

நெட்டை என்னைப் பார்த்தான். நான் கண்ணால் போ என்றேன். வண்டியைப் பின்னுக்கு எடுத்துப்போய்த் திருப்பி நிறுத்தினான். மோட்டார் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அவருக்கும் விடை தெரிய வேண்டியிருந்தது.

அதிகாரி வெள்ளைப் பட்டை வரை வந்தார். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பட்டைக்குள் ஒரு காலை வைத்தார். தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார். அதற்கு அப்பால் நான் கிழித்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அவருக்கு முப்பது வயது இருக்கும், படித்த பிள்ளை. அவர் உதடு அசைந்தது. மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

பட்டைக்குள் வைத்த காலை எடுத்தார். இரண்டு எட்டு பின்னால் போய், தூணோரமாக நின்றுகொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமில்லை அது.

"சார்," என்றேன், "இப்போ ரெண்டு எட்டு பின்னால போனீங்களே, ஏன்னு எழுதுங்க. அதுல சாட்சின்னு நான் கையெழுத்துப் போடுறேன்."

மேலாளர் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். அந்தக் காகிதத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தை மேலே வைத்து, இரண்டையும் தூணோரமாக நின்றவரிடம் நீட்டினார்.